சின்னவளும் மாடி ஏறுகிறாள்

என் அன்பான பெரிய மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழி எனக்கு இல்லை, நான் போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன்ப்பா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறாய். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. சின்னவள் வீட்டில் இருக்கும்போது உன்னோடு மனம்விட்டு ஒரு வார்த்தை பேச முடியாது, அவளுக்குப் பாம்புச் செவி, சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாலும் முன்னறையில் நான் முணுமுணுப்பது கேட்டுவிடும். கடையிலிருந்து பேசலாம் என்றால் அவள் மாலையில் நேராகக் கடைக்குத்தான் வருகிறாள். அவள் வராத நேரத்தில் உன் தேசத்தில் ராத்திரி, நீ தூங்கிக்கொண்டிருப்பாய். அதனால்தான் எழுத்து. கடைசிவரை பொறுமையாகப் படி, நடுவில் கோபம் வந்தால் கீழே வைத்துவிடாதே, உன்னைக் கேட்காமல் உன் பெயரில் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் வீட்டுச் செய்தி. என் முழங்கால் பழையபடிதான், படி ஏறும்போது சும்மா இருக்கும், இறங்கும்போது முனகும், மனிதர்களுக்கு நேர்மாறு. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, குழாய் ரிப்பேர்காரர் நாளைக்கு வரேன் என்று சொல்லி எத்தனையோ நாளைகள் போய்விட்டன, அந்தச் சொட்டுச் சத்தம் காதுக்குப் பழகிவிட்டது, இனி அது நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும் போலிருக்கிறது. எதிர்வீட்டில் குடியிருந்த தபால் ஆபீஸ் தம்பதி மாற்றலாகிப் போய்விட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, காலையில் கதவைத் திறந்தால் தலையாட்டுவதற்கு ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ரொட்டிக்கடை அத்தை உன்னை விசாரித்தார், இன்னும் பாலத்தைத் தட்டிப் பார்க்கிற வேலைதானா என்று கேட்டார், ஆமாம், உள்ளே விரிசல் இருக்கா என்று தட்டிப் பார்த்துச் சொல்கிறாள் என்றேன், அப்படின்னா இந்தத் தெருவுல பல பேரைத் தட்டிப் பார்க்கச் சொல்லணும் என்று சிரித்தார். நீ சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே, பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் வயிறு ஒன்றுதான்.

இனி கடை விஷயம். போன வருஷம் உன் பெயருக்கு மாடியிலிருந்து ஒரு உறை வந்தது. முன்பெல்லாம் மாடி என்று சொன்னால் நீ முறைப்பாய், மாநிலத்திலேயே முதல் பல்கலைக்கழகம்ப்பா, அரசாங்கம் கட்டினது, அதுக்கு ஒரு பேர் இருக்கு என்பாய். என்ன செய்வது, முகப்பில் அந்த நீளமான படிக்கட்டைக் கட்டிவைத்தார்கள், ஊர் அதற்கு மாடி என்று பெயர் வைத்தது, அங்கே படித்தவர்கள் மாடிக்காரர்கள் ஆனார்கள், நம் ஊர்க் கல்லூரியில் படித்தவர்கள் வெறுமனே படித்தவர்களாக நின்றுவிட்டார்கள். அந்த உறைக்குள் பழைய மாணவர் சங்கம் அனுப்பிய வட்டமான ஸ்டிக்கர் ஒன்று இருந்தது, நடுவில் விளக்குப் படம், சுற்றிலும் பெயர். கார் வைத்திருப்பவர்கள் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார்களாம், நம்மிடம் கார் ஏது, கடைக்குக் கண்ணாடிக் கதவு இருக்கிறதே என்று அதில் கைப்பிடிக்கு மேலே ஒட்டினேன். மூக்குக்கண்ணாடி விற்கிறவனுக்கு எதை எந்த உயரத்தில் வைத்தால் எல்லார் கண்ணிலும் படும் என்று தெரியாதா, சரியாக அந்த உயரம். ஒரு குமிழி கூட இல்லாமல் கட்டை விரலால் நீவி நீவி ஒட்டிவிட்டு, தெருவில் இறங்கி நின்று நாலைந்து தடவை பார்த்துக்கொண்டேன், என் மகள் படித்த இடம், அதில் என்ன தப்பு என்றுதான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. படிக்கிற கண்ணாடி வாங்க வருகிற தையல்காரம்மா கதவு வரைக்கும் வந்து, ஸ்டிக்கரைப் பார்த்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அப்படியே சந்தைப் பக்கம் நடந்துவிட்டார். அங்கே கூடையில் குவித்து விற்கிறார்களே பிளாஸ்டிக் கண்ணாடி, அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஊசிக்கு நூல் கோத்தார். பஸ் டிப்போ ஆட்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். என்னவோ ஏதோ என்று குழம்பிப்போயிருந்தேன், பிறகு ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் தெருமுனையில் என்னைப் பார்த்துவிட்டு, அண்ணே, நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா, கடை கைமாறிப்போச்சு, மாடிக்காரங்க யாரோ வாங்கிட்டாங்க, இனிமே நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒத்து வராதுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்களே என்றார். எனக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. அதே மேஜை, அதே கோணல் ஸ்டூல், மூக்குத் தாங்கிகளைப் போட்டுவைக்கிற அதே பிஸ்கட் டப்பா, ஒரு வட்டக் காகிதம் ஒட்டியதற்கு ஊருக்கு அது பெரிய இடம் ஆகிவிட்டது. உடனே கிழித்துப் போட்டிருக்கலாம்தான். நகத்தை வைத்து ஒரு ஓரத்தைக் கிளப்பியும் பார்த்தேன், என்னவோ உன்னையே கடையிலிருந்து வெளியே போகச் சொல்வது போல இருந்தது, திரும்பவும் அழுத்தி ஒட்டிவிட்டேன்.

அதோடு பக்கத்துக் கடை சலூன் மாமாவும் வருவதை நிறுத்தினார். உங்கள் இருவரையும் சின்ன வயதில் நாற்காலியில் பலகை போட்டு உட்காரவைத்து முடிவெட்டிய மனுஷன், மதியம் தன் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் ரெண்டு டம்ளர் டீயோடு நம் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். அவர் மகனும் போன வருஷம் மாடிக்கு முயற்சி செய்தான், கொஞ்சத்தில் தவறிவிட்டது. ஆறுதலாகச் சொல்கிறேன் பேர்வழி என்று நான், பரவாயில்லை, அந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் உழைக்கணும், அடுத்த தடவை பார்க்கலாம் என்று வாயை விட்டேன். டம்ளரைப் பாதியில் வைத்தார். அப்ப என் புள்ள உழைக்கலைங்கறீங்களா என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா, அது அரசாங்கத்து இடம், நம்ம வரிப்பணத்துல ஓடுற பஸ் மாதிரி, யார் வேணும்னாலும் ஏறலாம் என்று வாதாடினேன். பஸ் நிக்கிற இடத்துலேயே வீடு கட்டிக்கிட்டவங்க ஏறிடறாங்க, எங்கள மாதிரி ஆளுங்க ஓடிவரதுக்குள்ள எடுத்துடறாங்க, ஏறினவங்க அப்புறம் ஜன்னல் வழியா நம்மள ஒரு பார்வை பாக்கறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல என்றார் அவர். போகும்போது கதவில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டி, ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறீங்க, இவங்க கண்ணுக்கு எங்க புள்ளைங்க தெரியற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன் என்றுவிட்டுப் போனார். எட்டாத பழம் புளிக்கும் என்று பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பையன் மக்கு இல்லை அம்மாடி, உனக்கே தெரியும். வாசல் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது, சில பிள்ளைகள் பிறக்கும்போதே பாதிப் படியில் பிறக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதன் பிறகு அவர் வரவில்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர், அந்தப் பக்கம் அவர் கத்தரிக்கோல் பேசுவது எனக்குக் கேட்கும், நான் லென்ஸ் தேய்க்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும், இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அது போதும் என்று ஓட்டினோம். முடிவெட்டிக்கொள்ள வேறு கடைக்குப் போக மனசு இல்லை, அவரிடம் போக முகம் இல்லை, கடைசியில் சின்னவளே கத்தரியை எடுத்து வெட்டிவிட்டாள், பிடரியில் படிப்படியாக ஒரு மாடிப்படியே கட்டிவிட்டாள். உன் அம்மா போன பிறகு நான் பேசுவதைக் கேட்க எனக்கு இருந்த ஒரே பெரிய மனுஷர் அவர்தான். ஆள் இல்லாத கடையில் மதியம் எவ்வளவு நீளம் என்பது எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

இப்போது சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு முடிவு வந்த அன்று அவள் ஒன்றுமே நடக்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னாள், மாடியில இடம் கிடைச்சிருக்குப்பா, ஆனா நான் போகலை, இங்கேயே நம்ம ஊர்க் காலேஜ்ல சேர்ந்துக்கறேன் என்று. ஏன் என்று கேட்டேன். அது திமிர் பிடிச்ச இடம்ப்பா, எல்லாம் பெரிய வீட்டுப் புள்ளைங்க, எந்த ஸ்கூல்னு கேட்டே ஆளை எடை போடுவாங்க, பேசற விதத்தை வச்சுச் சிரிப்பாங்க, எனக்கு அந்தச் சங்காத்தமே வேண்டாம், நம்ம ஊர்க் காலேஜ் என்ன கெட்டுப்போச்சு என்று மடமடவென்று ஒப்பித்தாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போகிற பெண், அன்றைக்கு இவ்வளவு பேசியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற மாதிரி அல்லவா இருந்தது. ஆனால் வரவில்லை. வர விடவில்லை என்று வைத்துக்கொள்.

ஏனென்றால் மறுநாளே செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. மாடியே வா வா என்று கூப்பிட்டும் மாட்டேன்னு சொன்னாளாம், பொண்ணுன்னா இது பொண்ணு என்று காய்கறிக் கடையில் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். தையல்காரம்மா திரும்பி வந்தார், டிப்போ ஆட்கள் வந்தார்கள். அன்று மதியம் கடையில் ஏதோ நிழல் விழுந்தது, நிமிர்ந்தால் சலூன் மாமா, கையில் சவரக்கத்தி. அவர் சோப்பு நுரையைக் குழைத்துக் கதவில் இருந்த ஸ்டிக்கருக்குப் பூசினார், ஊறவிட்டார், அப்புறம் ஒரு மாப்பிள்ளைக்குச் செய்வது போல மெதுவாகக் கத்தியை ஓட்டினார், ஒரு கீறல் இல்லாமல் வழித்து எடுத்துவிட்டார். துடைத்துவிட்டுப் போய் ரெண்டு டம்ளர் டீயோடு வந்து உட்கார்ந்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அம்மாடி, அந்த டீ எனக்கு அவ்வளவு ருசித்தது. அந்த ருசியில்தான் சின்னவளிடம் இன்னொரு தடவை யோசித்துப் பார் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். ஒரு வாரத்துக்கும் மேலே நான் சந்தோஷமாக இருந்தேன், கதவில் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளிச்சென்று வட்டமாகத் தெரிந்தது, அதைப் பார்க்காமல் உள்ளே வரப் பழகிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் ரொட்டிக்கடை அத்தை என்னை நிறுத்தினார். சொல்லலாமா கூடாதான்னு தெரியல, உங்க சின்னப் பொண்ணு ரிசல்ட் வந்த அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தா என்று ஆரம்பித்தார். வந்து என்ன கேட்டாள் தெரியுமா. அத்தை, எங்கப்பா தனியா இருக்கும்போது விழுந்துட்டாலோ நெஞ்சு வலிச்சாலோ சுவத்துல தட்டினா உங்களுக்குக் கேக்குமா என்று கேட்டாளாம். நான் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவள் நம் வீட்டுக்குள் என் கட்டில் பக்கத்தில் நின்று சுவரைத் தட்டியிருக்கிறாள், அத்தை தன் வீட்டில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார். கையால் தட்டினாள், கரண்டியால் தட்டினாள், கட்டிலை நகர்த்திப் போட்டும் தட்டினாள். கேட்கவில்லையாம். சரி அத்தை, அப்ப நான் போகலை என்று சொல்லிவிட்டுப் போனாளாம். திமிர் பிடித்த இடமும் இல்லை, பெரிய வீட்டுப் பிள்ளைகளும் இல்லை, சுவரில் சத்தம் கேட்கவில்லை, அதற்காகத்தான் அந்தப் பெண் மாடியை வேண்டாம் என்றிருக்கிறாள். ஊர் முழுக்க அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது, அவள் வாயைத் திறக்கவே இல்லை.

அத்தை இன்னொன்றும் சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னவள் ஒரு மாலை கடைக்கு வந்தபோது நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் தெருமுனை வரைக்கும் திரும்பிப் போய் நின்றுவிட்டு வந்தாளாம். அது உண்மைதான் அம்மாடி. ஆள் வராமல் இருந்த அந்த மாதங்களில் எனக்கே தெரியாமல் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டுவிட்டு, காலி நாற்காலியைப் பார்த்து, மேல் வரி தெரியுதா, அடுத்த வரி படிங்க, கண்ணைச் சுருக்காதீங்க, அவசரம் ஒண்ணும் இல்லை, மெதுவா சொல்லுங்க என்பேன். வாழ்நாளெல்லாம் அதையே சொல்லிப் பழகிய வாய், சும்மா இருக்க மறுத்தது. பைத்தியம் ஒன்றும் பிடித்துவிடவில்லை, பயப்படாதே. ஆனால் அதை என் பெண் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தபோது எனக்கு உயிரே கூசிவிட்டது.

அன்றைக்கு அவளை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் அதே திமிர்ப் பாட்டைப் பாடினாள், சுவரைத் தட்டிய கதையைச் சொன்னதும் நின்றுவிட்டாள். அக்கா மாடிக்குப் போனா, அங்கிருந்து இன்னும் மேல போனா, வரவே இல்ல, நானும் போயிட்டா இந்த வீட்டுல யாருப்பா இருக்கா என்றாள். உன்னைக் குறையாகச் சொல்லவில்லை, அவள் குரலில் குறையே இல்லை, இருந்திருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன், போடி என்றேன் நான். கல்லு நாற்காலியோட பேசுமா என்று கேட்டாள். இடத்தை உறுதி செய்ய இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது. அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்துவிட்டது. அக்கா திரும்பி வரப்போறா என்றேன்.

ஆமாம் அம்மாடி, இதுதான் நான் செய்த காரியம். அவள் என்னையே பார்த்தாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குக் கை கால் வைக்க வேண்டாமா, உன் கம்பெனி இந்தப் பக்கம் ஒரு கிளை திறக்கிறது, அடுத்த வருஷம் உனக்கு மாற்றல், வீட்டில் இருந்தே வேலைக்குப் போய் வரலாம், நீயே அவளிடம் சொல்லி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறாய், நான்தான் ஓட்டை வாயன் முந்திக்கொண்டேன் என்று அடுக்கினேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள், நான் ஒரே பொய்யில் ஒரு படிப்பையே நடத்திவைத்தேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மாடி வேண்டாம், வேண்டாம் என்று சொன்ன பெண், அப்படின்னா நான் போலாமாப்பா என்று கேட்டாள், சின்னப் பிள்ளையில் திருவிழா ராட்டினத்தைக் காட்டிக் கேட்பாளே, அதே குரல். மறுநாள் கடையில், அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்துதான் மாடிக்கு வருகிறேன் என்று போனில் அழுத்தி இடத்தை உறுதி செய்தாள். வருகிற வாரம் கிளம்புகிறாள்.

சலூன் மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன், ஊர் சொல்லிக் கேட்கக் கூடாது அல்லவா. யாருக்கோ முகத்தில் நுரை போட்டுக்கொண்டிருந்தார். போகட்டும், நல்லா இருக்கட்டும், ஸ்டிக்கர் ஏதும் அனுப்பினாங்கன்னா மட்டும் ஒட்டிடாதீங்க என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் உட்கார்ந்து டீ குடிக்க இன்னும் வரவில்லை, டம்ளரை வாசலில் நின்றே நீட்டிவிட்டு, கூட்டம் இருக்கு என்று திரும்பிவிடுகிறார். கூட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும், சுவரில் கத்தரிச் சத்தமே கேட்பதில்லை. காய்கறிக் கடையிலும் கை குலுக்குவதை நிறுத்திவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். முதலாவது, நீ அங்கே படித்தபோது உன்னைப் பார்க்க நான் ஒரு தடவை வந்தேனே, நினைவிருக்கிறதா. படிக்கட்டில் மூச்சு வாங்கி நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். உன்னோடு படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள், பேச்சுவாக்கில் நீ எந்த ஸ்கூல் என்று கேட்டாள், நீ நம் ஊர் அரசுப் பள்ளியைச் சொன்னாய், அவள் ஓ என்றாள். அவ்வளவுதான், கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. நீ தயங்காமல் என் தோளைத் தொட்டு, இது எங்கப்பா, மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார் என்று சத்தமாகச் சொன்னாய், எனக்கு அந்தப் படிக்கட்டிலேயே மாலை போட்ட மாதிரி இருந்தது. ஆனால் நீ வாட்ச்மேனையும் கேண்டீன் அம்மாவையும் தவிர வேறு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை. அந்த நாளில் லீவுக்கு நீ இங்கே வந்தால் தெருவில் உன்னைப் பார்த்து, ஓ, மாடிக்காரி வந்தாச்சா என்பார்கள். அங்கே ஒரு ஓ, இங்கே ஒரு ஓ. அவர்கள் உன்னை முழுசாக உள்ளே விடவில்லை, நாங்கள் உன்னை முழுசாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால்தான் நீ அவ்வளவு தூரம் போய்விட்டாயோ என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. அந்த ஓவை எப்படித் தாங்குவது என்று மட்டும் உன் தங்கைக்குச் சொல்லிக்கொடு. அந்த இடம் நல்ல இடம் என்று பூசி மெழுகாதே, கெட்ட இடம் என்று பயமுறுத்தாதே, நடந்ததை நடந்தபடி சொல். எனக்குச் சொன்ன நல்லா இருக்கேனை அவளுக்குச் சொல்லாதே.

இரண்டாவது உனக்கே தெரியும். நீயாகச் சொல்லும்வரை தெரியாத மாதிரி இரு என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன், ஆனாலும் எப்படியும் ஒரு நாள் உன்னிடம் கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடு. பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்த அப்பனே கேட்கிறானே என்று சிரிக்காதே. அடுத்த வருஷம் வந்ததும் கிளை திறப்பது தள்ளிப்போய்விட்டது என்று நானே சமாளித்துக்கொள்கிறேன், அதற்குள் அவள் அங்கே கால் ஊன்றியிருப்பாள், இறங்கி வர மனசு வராது. உன்னை வரச் சொல்வதற்காக இதை எழுதவில்லை, அதைத் தெளிவாகப் புரிந்துகொள், உன் வேலை உனக்கு, உன் வாழ்க்கை உனக்கு. அங்கே உன்னைப் பார்த்து யாரும் ஓ சொல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பொய்யைச் சொன்ன அன்றே சின்னவள் உன் அறையைத் திறந்துவிட்டாள். அக்கா வரப்போறா, இங்க என்ன குப்பை என்று என்னைத் திட்டிக்கொண்டே நான் அடுக்கி வைத்திருந்த பழைய பிரேம் பெட்டிகளையெல்லாம் தூக்கி வெளியே வைத்தாள். ஜன்னலைக் கழுவினோம். உன் மேஜைக்கு ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது, மூக்குக்கண்ணாடிக்குப் போடுகிற பசையை வைத்தே சரிசெய்துவிட்டேன், நிற்கிறது. கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள், தலையணையைத் தட்டி வைத்தாள். ஜன்னலைத் திறந்தே வைங்கப்பா, பூட்டி வச்சா வாடை வந்துடும் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் தினமும் காலையில் போய்த் திறக்கிறேன், இருட்டியதும் மூடுகிறேன், விரிப்பில் படிகிற தூசியை உதறி மறுபடியும் போடுகிறேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, யார் முன்னாலும் தலை குனியாமல், யாரையும் தலை குனியவைக்காமல் வாழ வேண்டும், அம்மா இருந்திருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். குளிருக்குக் காதை மூடிக்கொள். மறந்துவிடாதே, சின்னவள் கேட்டால் ஆமாம் என்று சொல். நான் கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லிவிடு அம்மாடி, அந்த அறையைத் திறந்து மூடித் திறந்து மூடி, நீ வரப்போகிறாய் என்று இப்போது நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
கண்ணாடிக் கடை அப்பா